ஞெருவின் வளவுக்குள் ஒரு கிணறு

வால்தம்ஸ்டோவில் அம்பலவாணன் வீடு எது என்று கேட்டால், எந்த அம்பலவாணன் என்று திருப்பிக் கேட்பார்கள். ஓவசியர் வீடு என்றால் போதும், வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். றோட்டும் கிணறும் போடுவித்த மேற்பார்வையாளர் வேலையில் அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். லண்டனில் அவர் பார்த்தது பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காசு வாங்கிச் சிகரெட் எடுத்துக் கொடுக்கிற வேலை. ஆனாலும் மனிதர் அங்கே நிற்கிற நிற்பைப் பார்த்தால், வெளியே இருக்கிற பம்பிகளையெல்லாம் அவரே நிலத்தைத் தோண்டி இறக்கியவர் என்றுதான் நினைப்பீர்கள்.

அந்த நிமிர்வுக்குக் காரணம் அவர் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்கியது. மற்ற வீடுகளில் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம் மாட்டுகிற இடம் அது. அவருக்கும் மனைவி தவமலருக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் அங்கே ஒரு குழாய்க் கிணறு தொங்கியது. கென்யாவில், கிதுமேனி என்ற ஊரில், திறப்பு விழா நாளில் எடுத்த படம். பம்பியின் கைபிடியில் கையை வைத்துக்கொண்டு, வெள்ளைச் சேர்ட்டும் தொப்பியுமாக அம்பலவாணன் நடுவில் நிற்பார். அவரைச் சுற்றித் தலையில் துணி கட்டிய பெண்கள், கையில் வாளியும் குடமுமாக.

வெம்பிளியில் கலியாணமா, சவுத்தாலில் பிறந்தநாளா, எங்கே போனாலும் அந்தக் கிணறும் கூடவே போகும். வெம்பிளியில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாலேந்திராவுக்கு ஓவசியரைச் சீண்டுவதில் ஒரு தனிச் சந்தோஷம். "ஓவசியர் அண்ணை, கிணத்தை ஒருக்கால் திறவுங்கோ, கேப்பம்" என்பார். சிரிப்பது தெரிந்தும் ஓவசியர் திறப்பார். எந்த ஆழத்தில் பாறை வந்தது, எந்த ஆழத்தில் நீர் சீறியது, பெண்கள் எப்படி நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள், தான் எப்படித் தொப்பியைக் கழற்றினார் என்று ஆதியோடந்தமாகச் சொல்லி, "இண்டைக்கும் அந்தச் சனம் என்ரை பேரைச் சொல்லித்தான் தண்ணி அள்ளுது" என்று முடிப்பார். கேட்டுக் கேட்டுத் தவமலரின் காது புளித்துப்போயிருந்தது.

மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. கொழும்பில் பொதுவேலைத் திணைக்களத்தில் நல்ல வேலைகாரன் என்று பெயர் எடுத்தவர். சிங்களப் பரீட்சையில் சித்தியடையவில்லை என்று பதவி உயர்வைக் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள். அந்த ரோசத்தில்தான் எழுபதுகளின் கடைசியில் ஒப்பந்த வேலைக்குக் கென்யா போனார். ஒப்பந்தம் முடிந்து திரும்பலாம் என்று பார்த்தால் எண்பத்துமூன்று கலவரம் வந்தது. கொழும்பில் வாடகைக்கு இருந்த வீடு சாமான் சட்டியோடு எரிந்தது. அடுத்த வருடம் லண்டன். இங்கே கவுன்சில், தண்ணீர்க் கம்பனி, ரயில்வே என்று ஏறி இறங்காத படி இல்லை. உள்ளூர் அனுபவம் இல்லை என்று எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். ஒரு மனிதனிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு ஒரு கிணற்றை மட்டும் விட்டுவைத்தால், அவன் அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான்.

ஆனால் அந்தக் கிணற்றின் கதையில் அவர் ஒருநாளும் சொல்லாத பகுதி ஒன்று இருந்தது. மறைத்தார் என்றில்லை. அது சொல்லவேண்டிய விசயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

கிதுமேனியில் நடந்தது ஒரு குடியேற்றத் திட்டம். வெள்ளைக்காரர் விட்டுப்போன பெரிய பண்ணையைத் துண்டு துண்டாகப் பிரித்து, காணியில்லாத குடும்பங்களுக்குக் கொடுப்பது. காணிக்கு ஒரு தகரக் கூரை வீடு, நடுவே ஒரு செம்மண் றோட்டு, எல்லோருக்குமாக ஒரு குழாய்க் கிணறு. நல்ல தண்ணீர் இருந்த இடம் ஞெரு என்பவருக்கு ஒதுக்கிய காணியில் வந்தது. கிணற்றுக்கென்று ஒரு துண்டு நிலத்தைத் தனியாக வெட்டிப் பொதுவில் விட்டுவிடுங்கள் என்று கூட வேலை செய்த நில அளவையாளர் சொன்னார். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். ஓவசியர் கேட்கவில்லை.

ஏன் கேட்கவேண்டும்? யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டார் தண்ணீர் அள்ளியது பெரியப்பாவின் வளவுக்குள் இருந்த பங்குக் கிணற்றில். ஒரு வளவுக்குள் கிணறு, சுற்றியுள்ள வீடுகளுக்கு அதில் பங்கு, பங்குக்காரர் வந்துபோக வழி. அதுதான் முறை. பொதுக் கிணறென்றால் அதை யாரும் கூட்ட மாட்டார்கள், இறைக்க மாட்டார்கள், நாய் விழுந்து கிடந்தாலும் தூக்க மாட்டார்கள். ஒருவன் வளவுக்குள் இருந்தால் அவன் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பான். ஞெருவோ மரியாதையான மனிதர், முற்றத்தைத் துப்புரவாக வைத்திருப்பவர். ஓவசியர் ஊரைக் கூட்டி, கிணறு ஞெருவின் காணிக்குள் இருக்கும், எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு என்று சொன்னார். மொழிபெயர்த்துச் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அத்தோடு நிற்கவில்லை. ஞெருவின் காணி ஓரமாக ஆற்றுக்கு ஒரு நடைபாதை போனது. காலங்காலமாகப் பெண்கள் தண்ணீருக்கு நடந்த பாதை. இனிக் கிணறு வந்துவிட்டதே, ஆற்றுக்கு ஏன் பாதை என்று சொல்லி, வரைபடத்தில் அதை அழித்துக் காணியின் எல்லையை நேராக்கிவிட்டார். பார்க்க வடிவாக இருந்தது. இதைச் செய்தவர் யார் தெரியுமா? ஒரு முழ அகல ஒழுங்கைப் பாதைக்காக மச்சானோடு வழக்காடி, காணியில் பாதியை வழக்குப் பேசிய அப்புக்காத்துமாருக்கு எழுதிக் கொடுத்த மனிதரின் மகன். பெட்டிசம் எழுதும் சத்தத்தில் வளர்ந்தவர். தகப்பனுடைய ஒழுங்கை அவருக்கு ஒழுங்கையாகத் தெரிந்தது. கிதுமேனிப் பெண்களுடையது வெறும் கோடாகத் தெரிந்தது.

எஸ்தர் கரிமி அந்த வீட்டுக்கு வந்தது தொண்ணூற்றிநான்காம் ஆண்டில். தவமலர் முதியோர் இல்லம் ஒன்றில் குசினி வேலை செய்தார். அங்கே புதிதாகச் சேர்ந்த கென்யப் பெண் எஸ்தர். கதையோடு கதையாக ஊர் எது என்று கேட்டால், கிதுமேனி என்கிறாள். தவமலர் வீட்டுக்கு வந்து சொன்னதும் ஓவசியருக்குத் தலைகால் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அழைக்கச் சொன்னார். ரோல்ஸ் பொரித்து, கேக் வெட்டி, வீட்டுக்குள் இருந்துகொண்டே கோட்டும் போட்டுக்கொண்டார்.

எஸ்தர் உள்ளே வந்ததும் நேராகப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கனநேரம் பார்த்தாள். குடத்தோடு நின்ற ஒரு பெண்ணின் மேல் விரலை வைத்து, "இது என் அம்மா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"அப்படியா, மிக நல்லது" என்று ஆங்கிலத்திலேயே சொன்ன ஓவசியர், பாறை எந்த ஆழத்தில் வந்தது என்று தொடங்கிவிட்டார். தவமலர் இடையில் புகுந்து அவளை இருக்கச் சொல்லாவிட்டால், பாவம், நின்றபடியே முழுக் கிணற்றையும் கேட்டிருப்பாள்.

கடைசியில் அவர் ஆவலோடு கேட்டார்: "தண்ணீர் எப்படி? இப்போதும் அதே ருசிதானா?"

எஸ்தர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரியாது. நாங்கள் அதைக் குடித்துப் பல வருடங்கள்" என்றாள்.

பிறகு அவள் சொன்னாள். எண்பத்தைந்து அளவில் அரசாங்கம் காணிகளுக்கு உறுதிப் பத்திரம் கொடுத்தது. ஞெருவின் உறுதியில் காணி இருந்தது, காணிக்குள் இருந்த எல்லாம் அவருக்கென்று இருந்தது. பங்கு என்ற பேச்சே இல்லை. கொஞ்சக் காலம் பொறுத்து வேலி வந்தது, படலை வந்தது, பம்பிக் கைபிடியில் பூட்டு வந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் விலை. சரி, பழையபடி ஆற்றுக்குப் போவோம் என்று பெண்கள் புறப்பட்டால் பாதையையும் வேலி மறித்தது. வரைபடத்தில் பாதை இல்லை என்று பொலிஸ் வந்து காட்டியது. இப்போது மலையைச் சுற்றி நடக்கிறார்கள். எஸ்தரின் தாய்க்கு முழங்கால் போய்விட்டது, அவளும் நடக்கிறாள். பெண்கள் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய வழக்கறிஞர் அனுப்பியது என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

சத்தியக்கடதாசி. அரைப் பக்கம்கூட வராது. கிணறு திட்டப் பணத்தில் ஊர் முழுவதற்கும் வெட்டப்பட்டது. ஆற்றுக்குப் பாதை இருந்தது. கிணற்றைத் தனிக் காணியாகப் பிரிக்காததும் பாதையை அழித்ததும் ஓவசியராகிய தன்னுடைய தவறு. இவ்வளவுதான். சொலிசிட்டர் ஒருவருக்கு முன்னால் கையெழுத்து வைத்துத் தந்தால் தான் அனுப்புவதாக எஸ்தர் சொன்னாள். அந்தக் கையெழுத்து வந்தால் வெல்லலாம், வராவிட்டால் வழியில்லை என்று வழக்கறிஞர் சொன்னாராம்.

ஓவசியரின் முகம் கறுத்துவிட்டது. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். எஸ்தர் போய்க் கதவைச் சாத்தியதும் தாளைத் தூக்கித் தவமலருக்கு முன்னால் போட்டார்.

"தவறு எண்டு எழுதியிருக்கு, கண்டனீரே? என்ரை தவறாம்."

"தவறுதானே" என்றார் தவமலர்.

"உமக்கு என்ன தெரியும்? ஆத்துத் தண்ணியைக் குடிச்சு வயித்தாலை போய்க்கொண்டிருந்த சனம். கிணறு வெட்டிக் குடுத்தது ஆர்?"

"கிணறு வெட்டினதைப் பிழை எண்டு அவள் சொல்லேல்லை. படலைக்கு உள்ளை வெட்டினதைத்தான் சொல்லுறாள்."

"எங்கடை கிணறு எங்கை இருந்தது? பெரியப்பாவின்ரை படலைக்கு உள்ளைதானே. ஆரும் மறிச்சவையே?"

"எங்கடை உறுதியிலை பங்கும் வழியும் எழுதியிருந்தது. இவையின்ரை உறுதியிலை என்ன எழுதுவிச்சனீங்கள்?"

ஓவசியர் தாளைத் திரும்ப எடுத்து மடித்தார். "வாயாலை சொன்னனான். எல்லாரும் கை தட்டினவை" என்றார்.

அந்த நேரத்தில் அவருக்கு விளங்கத்தான் செய்தது. விளங்கவில்லை என்று யாரும் சொல்லவேண்டாம். ஆனால் அதன் பின்னாலேயே பாலேந்திராவின் சிரிப்பு வந்தது. ஓவசியர் தன் கிணறு பிழையென்று தானே எழுதிக் கொடுத்துவிட்டார் என்ற கதை வெம்பிளிக்குப் போனால் என்னாகும்? பிறகு எந்த முகத்தோடு ஒரு கலியாண வீட்டுக்குப் போவது? அந்தக் கிணறும் இல்லையென்றால் தான் யார்? கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற ஒரு கிழவன்.

"ஒரு கையெழுத்து" என்றார் தவமலர். "அதைப் போட்டால் நீங்கள் என்ன குறைஞ்சே போவியள்? அங்கை தண்ணி இல்லாமல் நிக்கினம்."

"ஆரோ எழுதினதிலை நான் கையெழுத்து வைக்கேலாது. இதிலை இங்கிலீசும் சரியில்லை. நானே எழுதுவன். நான் எழுதினால் அந்த ஞெரு நடுங்குவான்."

எழுதினார். பழைய தட்டச்சு இயந்திரத்தைக் குசினி மேசையில் வைத்து, வேலை முடிந்து வருகிற நேரமெல்லாம் தட்டினார். தன் தகைமை என்ன, சேவைக்காலம் எவ்வளவு என்று தொடங்கிப் பக்கம் பக்கமாகப் போனது. கிணறு சரியான இடத்தில்தான் வெட்டப்பட்டது. ஞெரு பொறுப்பான மனிதர் என்பதைத் தாமே தீர விசாரித்து, அவருடைய காணிக்குள், அவருடைய பொறுப்பில், தாமே அதை ஒப்படைத்தார். கிணறு வந்தபின் ஆற்றுப் பாதை தேவையற்றது; அதை நீக்கியது தொழில்முறையில் முற்றிலும் சரியான தீர்மானம். ஆகவே, தாம் வைத்த நம்பிக்கையைக் காப்பாற்றி ஊருக்குத் தண்ணீர் கொடுக்க ஞெரு மனச்சாட்சிப்படி கடமைப்பட்டவர். அந்தக் கடைசி வசனத்தை வாசித்துப் பார்த்தபோது ஓவசியருக்கே கண் கலங்கியது. வழக்கு வென்றாயிற்று என்று நினைத்தார்.

சொலிசிட்டரிடம் போய்ச் சத்தியம் செய்து முத்திரையும் வாங்கினார். அதையாவது எஸ்தரிடம் கொடுத்தாரா? இல்லை. நீதிமன்ற விசயத்தை நீதிமன்றத்துக்குத்தான் அனுப்பவேண்டும் என்று பதிவுத் தபாலில் தானே அனுப்பினார். அடியில் பிரதிகள் யாருக்கென்று ஒரு வரிசை. நீர்வழங்கல் அமைச்சு, மாவட்ட அதிகாரி, திட்டத்துக்கு உதவி செய்த நாட்டின் தூதரகம், எல்லாவற்றுக்கும் கீழே, ஞெரு. ஓவசியருடைய அப்பர் அப்படித்தான். மச்சானுக்கு எதிராக எழுதுகிற ஒவ்வொரு பெட்டிசத்திலும் மச்சானுக்கு ஒரு பிரதி போகும். எதிராளி வாசித்துக் கலங்கவேண்டும், அதுதான் பெட்டிசத்துக்கு அழகு.

அடுத்த முறை எஸ்தர் வந்தபோது தன்னிடமிருந்த பிரதியைப் பெருமையோடு நீட்டினார். அவள் நின்றபடியே வாசித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபின் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"இதை அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

"பதிவுத் தபாலில். எல்லோருக்கும்" என்றார் ஓவசியர்.

அவள் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். தவமலர் ஊற்றிய தேநீர் அப்படியே இருந்தது.

தீர்ப்பு அந்த வருடம் கோடை முடிவதற்குள் வந்தது. தவமலர் வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். ஓவசியர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்தரின்ரை ஆக்கள் தோத்திட்டினம்" என்றார்.

"எப்பிடி? என்ரை கடிதம் போகேல்லையோ?"

"போனது. ஞெருவின்ரை லோயர்தான் அதை எழும்பி நிண்டு வாசிச்சவராம். கிணறு வெட்டின ஓவசியரே ஞெருவின்ரை பொறுப்பிலை குடுத்தது எண்டு எழுதியிருக்கிறார், பாதை தேவையில்லை எண்டும் அவரே எழுதியிருக்கிறார், இனி வேறை சாட்சி என்னத்துக்கு எண்டு கேட்டவராம்."

ஓவசியர் தொலைக்காட்சியை நிறுத்தினார். "மனச்சாட்சிப்படி கடமை எண்டும் எழுதினனான்."

"அதை ஆர் வாசிக்கிறது?"

"நான் எழுதினதிலை ஒரு பிழையும் இல்லை."

"ஓம். பிழை எண்டு ஒரு சொல்லு எழுதியிருந்தால் அந்தச் சனம் வெண்டிருக்கும்."

அவர் எழுந்து அலுமாரியைத் திறந்து தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கினார். அப்பீல் இருக்கிறது, விடக்கூடாது, இந்தமுறை ஜனாதிபதிக்கே ஒரு பிரதி போடவேண்டும் என்றார். தவமலர் வந்து குறுக்கே நின்றார்.

"வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், இனி ஒண்டும் எழுதாதேங்கோ."

இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அப்படிக் கும்பிட்டதில்லை. ஓவசியர் இயந்திரத்தைத் திரும்ப உள்ளே வைத்தார்.

எஸ்தர் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. தவமலரோடு வேலையிடத்தில் வழக்கம்போலப் பேசினாள், சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டாள். ஓவசியரைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தவமலருக்கு ஆறியிருக்கும்.

ஓவசியரும் கொஞ்சக் காலம் வாயைத் திறக்காமல்தான் இருந்தார். கொண்டாட்டங்களுக்குப் போவதைக் குறைத்தார். அதைப் பார்த்துத் தவமலர், மனிதருக்கு உள்ளுக்குள் உறைத்திருக்கிறது என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் அவருக்குப் பிடித்த மீன் குழம்பைக்கூட அடிக்கடி வைத்துக் கொடுத்தார்.

தொண்ணூற்றேழில் பாலேந்திராவின் மகளுக்கு வெம்பிளியில் கலியாணம். போகாமல் இருக்க முடியாது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டம் சுற்றுகிற நேரத்தில், புது மாப்பிள்ளையின் ஆட்களுக்கு ஓவசியரை அறிமுகப்படுத்தினார் பாலேந்திரா. "இவர் ஆர் தெரியுமே? ஆபிரிக்காவிலை ஒரு ஊருக்கே தண்ணி குடுத்த மனுசன். ஓவசியர் அண்ணை, கனகாலம் கேக்கேல்லை. கிணத்தைத் திறவுங்கோ."

எதிர் மேசையிலிருந்த தவமலர் நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவார் என்று நினைத்தார். ஓவசியர் கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார். பாறை எந்த ஆழத்தில் வந்தது என்று தொடங்கினார். ஒன்றையும் விடவில்லை. நீர் சீறியது, குலவை எழுந்தது, தொப்பியைக் கழற்றியது, எல்லாம் வந்தன. கடைசியில் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கும் அந்தச் சனம் என்ரை பேரைச் சொல்லித்தான் தண்ணி அள்ளுது" என்றார். புது ஆட்கள் தலையை ஆட்டினார்கள்.

தவமலர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடமும் சொல்லவில்லை. ஓவசியர் பின்னேரம் வரை தேடிவிட்டுத் தனியாக ரயில் ஏறி வந்தார். வீட்டில் விளக்கு எரிந்தது. தவமலர் உடுப்பு மாற்றி, குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். முன்னறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

"படம் எங்கை?"

"எஸ்தரிட்டைக் குடுத்திட்டன். கலியாணத்தாலை வந்து எடுத்துக்கொண்டு போய்க் குடுத்திட்டு வந்தனான்."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீர்? அது என்ரை படம்."

"அதிலை அவளின்ரை தாய் நிக்கிறா" என்றார் தவமலர். "மனுசி போன கிழமை செத்துப்போச்சு. வீட்டிலை வேறை படம் ஒண்டும் இல்லையாம்."

"தாயோ? அதிலையோ? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"அவள் முதல்நாள் வந்து உங்களுக்கு முன்னாலை விரல் வைச்சுக் காட்டினவள்."

ஓவசியர் முன்னறைக்குத் திரும்பிப் போய் ஆணிக்கு எதிரே இருந்தார். பதினைந்து வருடம் பார்த்த படம். நடுவில் பம்பி. வலது பக்கம் நாலைந்து பெண்கள், இடது பக்கம் இன்னும் சிலர், ஒருத்தி கையில் குடம். எந்தப் பக்கம் நின்றவள்? உயரமா, கட்டையா? சிரித்தாளா? கண்ணை மூடிக்கொண்டு எத்தனை தரமோ பார்த்தார். வெள்ளைச் சேர்ட் வந்தது, தொப்பி வந்தது, கைபிடியில் வைத்த தன் கை வந்தது. சுற்றி நின்ற எவளுக்கும் முகம் வரவில்லை.